மூன்று சைக்கிள், ஒரு பவர் மீட்டர்: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வடசென்னையில் சைக்கிள் ஓட்டும் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பயிற்சித் திட்டம் போட்டுக்கொடுப்பது என் வழக்கம். அவர்களில் ஒருவருடைய அனுபவத்தை, அவர் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி இங்கே எழுதுகிறேன். ஒன்றுக்கு மேல் சைக்கிள் வைத்திருப்பவர்கள், மிதிக்கும் உழைப்பை வாட் கணக்கில் அளக்கும் பவர் மீட்டரை வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இவருடைய பத்து மாதக் கதையில் அதற்கான பதில் கிட்டத்தட்ட முழுதாக இருக்கிறது. நான் தவறாகக் கணித்த இடமும் இருக்கிறது.

அவருக்கு வயது 39, எடை 74 கிலோ. வீடு தண்டையார்பேட்டை, வேலை எண்ணூர் பக்கம், மூன்று ஷிப்டு. எடையைக் குறைக்கத்தான் சைக்கிளில் ஏறினார். 2023 முடிவதற்குள் 200 கி.மீ. பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) இரண்டை நேரத்துக்குள் முடித்துவிட்டார். அடுத்த இலக்கு 300 கி.மீ. அதற்கு 20 மணி நேரம்தான் கெடு.

அவரிடம் மூன்று சைக்கிள்கள். ஒன்று அலுமினிய ரோடு பைக். ஷிமானோ 105 கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), நீளம் 172.5 மி.மீ., மூன்று திருகு கிளீட் (ஷூவின் அடியில் இருந்து பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு) மாட்டும் பெடல். இரண்டாவது எம்டிபி (மலைச் சைக்கிள்), கிராங்க் 175 மி.மீ. வேலைக்குப் போவதும் பழவேற்காடு பக்கம் மணல் பாதையில் ஞாயிற்றுக்கிழமை சுற்றுவதும் இதில்தான். வேலைக்குப் போகும்போது சேஃப்டி ஷூ என்பதால் தட்டைப் பெடல் போட்டிருப்பார். மூன்றாவது அவருடைய மாமா கொடுத்த பழைய ஸ்டீல் சைக்கிள். சதுர அச்சு பிபி (கிராங்க் சுழலும் நடு அச்சுப் பகுதி), கிராங்க் 170 மி.மீ. அது மாடி அறையில், நின்ற இடத்திலேயே ஓட்டுவதற்கான ட்ரெய்னரோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டது. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேரடியாக மாட்டும் ட்ரெய்னர் அது, வாட்டையும் காட்டும்.

இரவு ஷிப்டு முடித்து வருபவருக்கு ட்ரெய்னர் ஆடம்பரம் அல்ல. துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே, தூக்கக் கலக்கத்தோடு எண்ணூர் விரைவுச் சாலையில் இன்டர்வெல் (விட்டுவிட்டு அழுத்தி மிதிக்கும் பயிற்சி) ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

## பவர் மீட்டர் எதற்கு

எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். தரை சமம் என்பதால் வேகத்தை வைத்தே பயிற்சி செய்யலாம் என்று தோன்றும். ஆனால் காற்று விடாது. காலையில் மீஞ்சூர் நோக்கிப் போகும்போது 24 கி.மீ. வேகத்துக்கே மூச்சு வாங்கும். திரும்பும்போது அதே உழைப்புக்கு 30 கிடைக்கும். வேகமானி இரண்டுக்கும் இரண்டு கதை சொல்லும். கால் போட்ட வேலை ஒன்றுதான்.

இதயத் துடிப்பை நம்பலாமா என்றால், வெயில் விடாது. மே மாதம் காலை 6 மணிக்கே காற்றில் ஈரம் நிறைந்து வியர்வை காயாது. ஜனவரியில் 135 துடிப்பில் ஓட்டிய அதே உழைப்பு இவருக்கு மே மாதத்தில் 147 ஆக ஏறியது. ஒரு மணி நேரம் தாண்டினால் வாட் மாறாமலே துடிப்பு மட்டும் மேலே போய்க்கொண்டிருக்கும்.

பவர் மீட்டர் அளப்பது உழைப்பையே. கிராங்கிலோ பெடல் அச்சிலோ ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ், மிதிக்கும்போது உலோகம் வளையும் நுண்ணிய அளவைப் பிடிக்கிறது. அதிலிருந்து முறுக்கு விசை வருகிறது. அதைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட். 1980களில் ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் எஸ்ஆர்எம் மீட்டரைச் செய்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். அளக்கும் இடம் மட்டும் மாறிவந்திருக்கிறது: ஸ்பைடர் (கிராங்கையும் பல்சக்கரத்தையும் இணைக்கும் பகுதி), பின்சக்கர ஹப் (சக்கரத்தின் மையம்), இடது கிராங்க், பெடல். எந்த இடத்தில் அளக்கிறோம் என்பதுதான் இந்த நிகழ்வின் சிக்கலே.

## முதல் கொள்முதல்: ஏப்ரல் 2024

என்னைக் கேட்காமலே ஒரு இடது கிராங்க் மீட்டரை, பழையதாக, ஒரு நண்பரிடம் வாங்கிவிட்டார். கேட்டிருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். விலை குறைவு, ரோடு பைக்கின் 105 கிராங்குக்கு அச்சாகப் பொருந்தும். இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, ஓரத்து மூடியைக் கழற்றினால் பழைய கை வந்துவிடும். புதியதைச் செருகி முடுக்கினால் வேலை முடிந்தது.

இடது கிராங்க் மீட்டர் இடது காலை மட்டும் அளந்து, அதை இரண்டால் பெருக்கிக் காட்டும். வலது கால் இடதைப் போலவே உழைக்கிறது என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது.

அதே மாதம் ஸ்டீல் சைக்கிளில், ட்ரெய்னர் மேல், 20 நிமிடச் சோதனை செய்தார். சராசரி 225 வாட். அதில் 95 சதவீதம் எடுத்து எஃப்டிபி (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்) 214 என்று வைத்துக்கொண்டோம். அந்த எண்ணை வைத்துத்தான் எல்லாப் பயிற்சி மண்டலங்களையும் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்குள் ட்ரெய்னர் காட்டும் வாட், வெளியே கிராங்க் காட்டும் வாட், இரண்டுக்கும் ஒரே 214. தவறு இங்கேதான் விதைக்கப்பட்டது. அன்று எங்கள் இருவருக்குமே அது தெரியவில்லை.

## மே முதல் ஆகஸ்ட் வரை கண்டது

மாடியில் ட்ரெய்னர் பயிற்சி திட்டப்படி முடிந்துகொண்டிருந்தது. வெளியே போனால் முடியவில்லை. 20 நிமிடம் இரண்டு முறை, 188 முதல் 199 வாட்டுக்குள் ஓட்டு என்று கொடுத்திருந்தேன். எஃப்டிபியில் 88 முதல் 93 சதவீதம். சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் முடிக்கக்கூடியது. அவர் இரண்டாவது 20 நிமிடத்தைப் பாதியில் விட்டுவிடுவார். வெளிவட்டச் சாலையின் மீஞ்சூர் முனையில், சர்வீஸ் சாலை ஓரமாக நின்று போன் செய்வார்.

"அண்ணா, மாடியில வர்றது ரோட்டுல வர மாட்டேங்குது. என் கால்ல கோளாறா, மெஷின்ல கோளாறா?"

"நைட் ஷிப்டு முடிச்சு எத்தனை மணி நேரம் தூங்கினீங்க தம்பி?"

"நாலு."

சரி, அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு வாரம் ஓய்வு கொடுத்தேன். வெயிலையும் சேர்த்துக் குற்றம் சொன்னேன். இரண்டும் நியாயமான காரணங்கள்தான். அதனால்தான் மூன்றாவதைத் தேடவே இல்லை. ஓய்வுக்குப் பிறகும் அதே கதை. ஜூலையில் வலது கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். ஆகஸ்டில் காலை எழுந்ததும் எடுக்கும் துடிப்பு வழக்கமான 52க்குப் பதில் 58, 60 என்று நின்றது. மனிதர் அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருந்தார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் பதிவேட்டில் பார்த்தால் அவர் செய்த பயிற்சி திட்டத்தைவிடக் குறைவு.

இதற்கிடையே அந்த இடது கிராங்கை எம்டிபியில் மாட்டிப் பார்த்திருக்கிறார். அதுவும் ஷிமானோ, அதே 24 மி.மீ. அச்சு, அதனால் உள்ளே போய்விட்டது. ஆனால் ரோடு கிராங்கின் கை எம்டிபி கிராங்கைப்போல வெளியே வளைந்திருக்காது. சட்டத்தின் பின்கம்பியை உரசிப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டது. போதாததற்கு இடது பக்கம் 172.5, வலது பக்கம் 175. ஸ்டீல் சைக்கிளின் சதுர அச்சில் அது ஏறவே ஏறாது. மூன்று சைக்கிளுக்கு என்று வாங்கியது ஒன்றோடு நின்றுபோனது.

## தராசும் ட்ரெய்னரும்: செப்டம்பர்

செப்டம்பர் முதல் வாரம் அவர் வீட்டு மாடிக்கு நானே போனேன். முதலில் ஸ்டீல் சைக்கிளை இறக்கிவிட்டு ரோடு பைக்கை ட்ரெய்னரில் ஏற்றினோம். கிராங்கை ஹேண்டில்பாரில் இருக்கும் ஹெட் யூனிட்டில் ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா இணைப்பு வழியாகவும், ட்ரெய்னரை டேப்லெட்டில் புளூடூத் வழியாகவும் பதிவு செய்தோம். பத்து நிமிடம் சூடேற்றி, இரண்டுக்கும் பூஜ்யம் வைத்து (சுமை இல்லாத நிலையைப் பூஜ்யமாகக் குறித்து), மூன்று படிகளாக ஐந்தைந்து நிமிடம் ஓட்டினார்.

ட்ரெய்னர் 150 காட்டியபோது கிராங்க் 140 காட்டியது. 200க்கு 189. 250க்கு 243.

ட்ரெய்னர் செயினுக்கு அந்தப் பக்கம் அளக்கிறது. செயினிலும் பல்சக்கரத்திலும் இரண்டு மூன்று சதவீதம் உராய்வில் போய்விடும். ஆகவே ஒழுங்காக இருந்தால் கிராங்க்தான் ட்ரெய்னரைவிட ஐந்தாறு வாட் அதிகம் காட்ட வேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது.

"அப்ப கிராங்க்தான் பொய் சொல்லுது" என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஒரு கருவியை இன்னொரு கருவியோடு ஒப்பிட்டால் இரண்டும் வேறுபடுகின்றன என்பது மட்டும்தான் தெரியும். எது தவறு என்று தெரியாது. அதற்கு எடை வேண்டும்.

இரும்புத் தட்டுகளை ஒரு நைலான் பட்டையில் கோத்து, காசிமேட்டில் அவருக்குத் தெரிந்த மீன் வியாபாரியின் முத்திரை போட்ட மின்தராசில் வைத்தோம். பட்டையோடு சேர்த்து 20.00 கிலோ வரும்வரை சின்னச் சின்ன நட்டுகளைச் சேர்த்தோம். வீட்டுக்கு வந்து, பின் பிரேக்கை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, இடது கிராங்கை முன்பக்கம் பார்த்துக் கிடைமட்டமாக நிறுத்தி, ஸ்பிரிட் லெவல் வைத்துச் சரிபார்த்து, பெடல் அச்சில் தொங்கவிட்டோம். கணக்கு எளிது: 20 கிலோ, ஈர்ப்பு 9.81, நீளம் 0.1725 மீட்டர். பெருக்கினால் 33.8 நியூட்டன் மீட்டர். செயலியில் வந்தது 33.6. மூன்று முறை தொங்கவிட்டோம், மூன்றும் அதற்குள்தான்.

கிராங்க் பொய் சொல்லவில்லை. இடது காலைச் சரியாகவே அளந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கேட்டேன்: "தம்பி, இடது கால்ல எப்பவாவது அடிபட்டிருக்கா?"

2012இல் மோட்டார் பைக் விபத்தில் இடது கணுக்கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். நடையில் ஒன்றும் தெரியாது. அவரும் மறந்தே போயிருந்தார். ஐந்து மாதமாகப் பயிற்சி கொடுத்தும் நான் கேட்கவில்லை.

கணக்கைத் திருப்பிப் போட்டோம். மொத்த உழைப்பில் இடது காலின் பங்கு 46 சதவீதம் என்றால், இரட்டிப்பாக்கிக் காட்டும் மீட்டர் 92தான் காட்டும். சாலையில் கிராங்க் 188 காட்ட அவர் உண்மையில் 204 மிதிக்க வேண்டும். 199 காட்ட 216. செயின் உராய்வில் போவதைச் சேர்த்தால் அவருடைய உண்மையான எஃப்டிபி பெடலில் ஏறக்குறைய 219. அதாவது 90 சதவீதத்தில் ஓட்டு என்று நான் எழுதிக்கொடுத்ததை அவர் 93இலிருந்து 99 சதவீதத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். நிதானமாகப் போகச் சொன்ன நீண்ட ஓட்டங்களும் அதே கணக்கில் ஒரு படி மேலே ஏறியிருந்தன. நான்கு மாதம், வாரம் மூன்று முறை.

சரி, கிராங்க் காட்டுவதை 1.08ஆல் பெருக்கிக்கொண்டால் போதாதா என்று கேட்டார். போதாது. படிகளைப் பாருங்கள்: 150இல் 10 வாட் வித்தியாசம், 250இல் 7தான். மெதுவாகப் போகும்போது வலது கால் அதிகம் சுமக்கிறது. அழுத்தி மிதிக்கும்போது இடது காலும் எழுந்துவருகிறது. களைத்தால் மறுபடி சாயும். மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை ஒரே எண்ணால் பெருக்கிச் சரிசெய்ய முடியாது.

## என்னென்ன வழிகள் இருந்தன

இரண்டு வாரம் பேசினோம். ஒவ்வொன்றையும் இந்த மூன்று சைக்கிள்களுக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தோம்.

ஹப் மீட்டர் முதலிலேயே விழுந்துவிட்டது. ட்ரெய்னரில் பின்சக்கரமே கிடையாது. எம்டிபி சக்கரம் ரோடு பைக்கில் நுழையாது. ஸ்பைடர் மீட்டர் இரண்டு காலையும் சேர்த்து அளக்கும், நிலையாக நிற்கும், மழைக்கும் அஞ்சாது. ஒரே சைக்கிள் உள்ளவர் என்னிடம் கேட்டால் இன்றும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் அது கிராங்கோடும் பிபியோடும் பின்னிக்கொண்டது. மூன்று சைக்கிளுக்கு மூன்று வாங்க வேண்டும், சதுர அச்சுக்கு அதுவும் கிடைப்பது அரிது.

ட்ரெய்னர் எண்ணையும் சாலை எண்ணையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, இரண்டு எஃப்டிபியோடு காலம் தள்ளுவது இன்னொரு வழி. செலவு ஒன்றுமில்லை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு காலும் சமமாக இருந்தால் நானும் சம்மதித்திருப்பேன்.

மிச்சம் இருந்தது இரட்டைப் பெடல் மீட்டர். பெடல் மரை ஏறக்குறைய எல்லாச் சைக்கிளிலும் ஒன்றுதான்: 9/16 அங்குலம், இடது பக்கம் எதிர்மரை. 105 கிராங்கோ, சதுர அச்சோ, எம்டிபியோ அதற்குக் கவலை இல்லை. நல்ல இரட்டைப் பெடல்களுக்குத் தயாரிப்பாளர்கள் ஒரு சதவீதத்துக்குள் துல்லியம் சொல்கிறார்கள். வலது இடது தனித்தனியாகவும் தெரியும். விலைதான் தயங்க வைத்தது. இறக்குமதி வரியெல்லாம் சேர்ந்து, அவர் ரோடு பைக்கை வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பெடல் என்று முடிவானதும் எந்தப் பெடல் என்ற கேள்வி வந்தது. கிராங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நாங்கள் அப்போதுதான் ஷூ அலமாரியைத் திறந்தோம். ரோடு ஷூவில் மூன்று திருகு கிளீட். எம்டிபி ஷூவில் இரண்டு திருகு எஸ்பிடி கிளீட். வேலைக்கு சேஃப்டி ஷூ. பெடல் எந்தச் சைக்கிளிலும் ஏறும். ஷூ எல்லாப் பெடலிலும் ஏறாது.

## எடுத்த முடிவும் காரணமும்

எஸ்பிடி வகை இரட்டைப் பெடல் மீட்டர். ரோடு பைக்குக்கும் அதே எஸ்பிடி ஷூ.

ரோடு பைக்கில் எஸ்பிடியா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பிஆர்எம் ஓட்டுபவருக்கு அது வசதி. வழியில் உள்ள சோதனை நிலையத்தில் (கன்ட்ரோல்) இறங்கி முத்திரை வாங்க, டீக்கடைக்குப் போக, இருட்டில் பஞ்சர் ஒட்ட, நடந்தாக வேண்டும். மூன்று திருகு கிளீட்டோடு டைல்ஸ் தரையில் வழுக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்பிடி கிளீட் ஷூவின் அடிக்குள் பதிந்திருக்கும், சாதாரணமாக நடக்கலாம்.

எஸ்பிடியில் நாங்கள் பார்த்தவை இரண்டு: கார்மின் ராலி எக்ஸ்சி, ஃபவேரோ அசியோமா ப்ரோ எம்எக்ஸ். ராலியின் அச்சை வேறு வகைப் பெடல் உடலுக்கு மாற்றிக்கொள்ளலாம், அது பெரிய பலம். நாங்கள் பார்த்த ராலியில் மின்கலம் கடையில் வாங்கிப் போடுவது. அசியோமா சார்ஜ் செய்வது. இவர் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பி மூன்று வருடத்தில் பொருக்கு விடும் இடம். மின்கலக் கதவு என்று ஒன்று திறந்து மூடாமலிருந்தால் நல்லது என்று நினைத்து இரண்டாவதை எடுத்தோம். இது என் தனிப்பட்ட கணிப்புதான். கடலிலிருந்து தள்ளி வேறு ஊரில் இருப்பவர் முதலாவதை எடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒற்றைப் பெடல் பதிப்பு குறைந்த விலைக்கு வந்தது. அதுவும் ஒரு காலை இரட்டிப்பாக்குவதுதான். மறுபடி அதே குழியில் விழ வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இன்னொரு முடிவும் எடுத்தோம். வேலைக்குப் போகும் ஓட்டத்தை அளப்பதில்லை. அங்கே தட்டைப் பெடல், சேஃப்டி ஷூ, அப்படியே இருக்கட்டும். அதன் களைப்பை நேரத்தையும் துடிப்பையும் வைத்துக் கணக்கில் சேர்ப்போம். வீட்டுக்குள் ட்ரெய்னரின் சொந்த எண்ணைப் பார்ப்பதில்லை. பெடல் சொல்லும் வாட்டை ட்ரெய்னர் பின்பற்றும்படி செயலியில் அமைத்தோம். எங்கு ஓட்டினாலும் ஒரே அளவுகோல்.

## நவம்பர் 2024 முதல் பிப்ரவரி 2025 வரை

பெடல் வந்ததும் எடைச் சோதனையை அவரே இரண்டு பக்கமும் செய்தார். திருப்தி. சீட்டை மட்டும் 3 மி.மீ. இறக்க வேண்டியிருந்தது. எஸ்பிடி பெடலுக்கும் பழைய பெடலுக்கும் பாதம் நிற்கும் உயரம் வேறு. முதல் இரண்டு நாள் முழங்கால் பின்புறம் இழுத்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

புதிய 20 நிமிடச் சோதனையில் எஃப்டிபி 221. பழைய கணக்கில் வந்த 219க்குப் பக்கத்தில்தான். மண்டலங்களை மாற்றி எழுதினேன். அந்த வாரமே வெளிவட்டச் சாலையில் இரண்டு 20 நிமிடமும் முழுதாக முடித்தார். போன் வந்தது. "முடிஞ்சுதுண்ணா" என்றார், அவ்வளவுதான். அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு காலின் பங்கு கண்ணுக்குத் தெரிந்தது. நிதானமாக ஓட்டும்போது 45க்கு 55. அழுத்தும்போது 47க்கு 53. ஐந்து மணி நேரம் தாண்டிய ஒரு ஓட்டத்தின் கடைசியில் 43க்கு 57 வரை போனது. ஜூலையில் வலது கெண்டைக்கால் ஏன் வலித்தது என்பதற்கு விளக்கம் அதில் இருந்தது. அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனார். கணுக்கால் மடங்கும் அளவு இடது பக்கம் குறைவு என்று கண்டு பயிற்சிகள் கொடுத்தார்கள். ஐம்பதுக்கு ஐம்பது ஆக்க வேண்டும் என்று நாங்கள் முயலவில்லை. எலும்பு முறிந்து கூடிய கால் அது. அதன் வழியில் மிதிக்கட்டும்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. தெருவில் தண்ணீர், வாரம் முழுவதும் மாடியிலேயே ஓட்டினார். அப்போது ஒரு குழப்பம் முளைத்தது. ஸ்டீல் சைக்கிளில் பெடல் காட்டுவதும் ட்ரெய்னர் காட்டுவதும் வழக்கத்தைவிட விலகி நின்றன. கேட்டால், பெடலை எம்டிபியிலிருந்து கழற்றி மாட்டியவர் கிராங்க் நீளத்தை மாற்றவில்லை. செயலியில் 175, சைக்கிளில் 170. பெடல் அளப்பது விசையை. முறுக்கு வர அதை நீளத்தால் பெருக்க வேண்டும். நீளம் தவறென்றால் வாட்டும் அதே விகிதத்தில் தவறு. கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. ஒன்பது நாள் பதிவு அப்படியே தவறாகப் போனது.

அதன்பின் ஒவ்வொரு சைக்கிளின் மேல்குழாயிலும், ஓட்டுபவர் கண்ணில் படும் இடத்தில், வெள்ளை டேப் ஒட்டி நீளத்தை மார்க்கரில் எழுதினார்: 172.5, 175, 170. பெடலை மாற்றும்போது அவர் பின்பற்றும் வரிசையும் அங்கேயே இருக்கிறது. மரையைத் துடை, கிரீஸ் தடவு, மாட்டு, நீளம் மாற்று, சைக்கிளை வெளியே பத்து நிமிடம் நிறுத்து, நான்கு முறை எழுந்து நின்று அழுத்தி மிதி, பூஜ்யம் வை. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் பூஜ்யம் வைத்தால் உலோகம் சூடானதும் எண் நகரும். பத்து நிமிடம் காத்திருப்பது அதற்காக.

கிரீஸ் விஷயத்தில் ஒரு பாடம் பட்டோம். டிசம்பரில் சில வாரம் பெடலைக் கழற்றாமலே விட்டுவிட்டார். எஃகு அச்சு, அலுமினிய கிராங்க், நடுவில் உப்புக் காற்று. வலது பெடல் அசையவில்லை. பதற்றத்தில் தவறான பக்கம் திருப்பி இன்னும் இறுக்கிவிட்டார். துருவிளக்கி எண்ணெய் ஊற்றி ஓரிரவு விட்டு, நீளமான ஆலன் கீயில் குழாய் செருகி, இருவர் பிடித்துத்தான் கழன்றது. மரைக்குச் சேதமில்லை என்பது அதிர்ஷ்டம். குழம்புபவர்களுக்கு நான் சொல்வது: கீயை மேல்நோக்கி நிறுத்திக்கொள்ளுங்கள், பின்சக்கரம் இருக்கும் பக்கம் இழுங்கள். இடமானாலும் வலமானாலும் தளரும்.

ஜனவரியில் 300 கி.மீ. பிஆர்எம். 15 மணி 40 நிமிடத்தில் முடித்தார். சராசரி 132 வாட். முதல் 100 கி.மீ.யில் கூட்டம் வேகமாகப் போனபோது 150க்கு மேல் தொடாமல் பின்தங்கியே வந்தார். அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் மீட்டரிடமிருந்து எதிர்பார்த்தேன். பிப்ரவரி சோதனையில் எஃப்டிபி 232. காலை எழுந்ததும் துடிப்பு மறுபடி 52.

## மறுபடி செய்தால்

பயிற்சி தொடங்கும் முதல் நாளே பழைய அடிகளைப் பற்றிக் கேட்பேன். இடது மீட்டர் யாருக்கு ஒத்துவரும், யாருக்கு வராது என்பதை அந்தக் கேள்வியே பாதி சொல்லிவிடும். புதிதாக எந்த மீட்டர் வந்தாலும் முதல் வாரத்திலேயே ட்ரெய்னரோடு ஒப்பிட்டு ஓட்டச் சொல்வேன். அரை மணி நேர வேலை அது. நாங்கள் செப்டம்பரில் செய்ததை ஏப்ரலில் செய்திருந்தால் ஒரு கோடைக்காலம் வீணாகியிருக்காது.

எத்தனை சைக்கிள் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், கடந்த இரண்டு மாதத்தில் எதை எத்தனை முறை பயிற்சிக்காக ஓட்டினீர்கள் என்று கேட்பேன். இவர் விஷயத்தில் பிறகு எண்ணிப் பார்த்தோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ரோடு பைக்கில் 31 ஓட்டம், ஸ்டீல் சைக்கிளில் 38, எம்டிபியில் பயிற்சி என்று சொல்லத்தக்கது 6 மட்டும். எம்டிபியை அளக்க வேண்டிய அவசியமே இல்லை என்று இப்போது நினைக்கிறேன். எம்டிபி இல்லையென்றால் எஸ்பிடியா என்ற விவாதம் வேறு மாதிரி போயிருக்கும். ஆனாலும் பிஆர்எம்முக்காக அதையே எடுத்திருப்போம் என்கிறார் அவர். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை.

ஸ்டீல் சைக்கிளுக்குப் பழைய கடையில் 172.5 மி.மீ. சதுர அச்சு கிராங்க் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தால் நீளம் மாற்றும் வேலையே இருக்காது.

## இடது கிராங்க்

அது சில மாதம் அவர் வீட்டு டிராயரில் கிடந்தது. மார்ச்சில் திருவொற்றியூரைச் சேர்ந்த, ஒரே ஒரு ரோடு பைக் வைத்திருக்கும் ஓர் இளைஞர் அதைக் கேட்டார். கொடுப்பதற்கு முன் பெடல் மீட்டரை அவருடைய சைக்கிளில் மாட்டி, கிராங்க் நீளத்தைச் சரிபார்த்து, ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னோம். மெதுவாக, வேகமாக, கடைசியில் களைக்கும்வரை. இடது கால் 49இலிருந்து 50 சதவீதத்துக்குள்ளேயே நின்றது. அன்று மாலையே கிராங்கை அவருக்கு மாட்டிக் கொடுத்துவிட்டோம்.